நாற்பதுக்குப் பின் எழுந்த குரல்

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தன நம் உலா இலக்கியங்கள். பேதையில் தொடங்கும் அவ்வரிசை, ஏறத்தாழ நாற்பதாம் அகவையில், பேரிளம்பெண்ணோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்டவளுக்கு அவ்வரிசையில் பெயரில்லை. இந்த மௌனம் தமிழ் மரபுக்கு மட்டும் உரியதன்று. 1970களின் நடுவில் இங்கிலாந்தில் கிளர்ந்த பங்க் இசையும் இளைஞர்க்கே உரியதாகத் தன்னைக் கருதியது. அவ்விசைக்குள் நாற்பதைக் கடந்த ஒரு தாய் நுழைந்த வரலாறு அறியத்தக்கது.

1935இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பிரான்சிஸ் சோகலோவ், ‘வை சப்வெர்சா’ என்னும் புனைபெயர் பூண்டார். 1976இல் பிரைட்டன் நகரில் உருவான ‘பாய்சன் கேர்ல்ஸ்’ குழுவின் பாடகராகவும் கித்தார் இசைப்பவராகவும் விளங்கினார். குழுவின் பெயரில் பெண்கள் இருப்பினும், உடன் இசைத்தோருள் ஆண்களே மிகுதி. அப்போது அவர் இரு பிள்ளைகளின் தாய். அப்பிள்ளைகள் இடம்பெற்ற குழுவின் பாடல்களும் தாயின் குழுவின் பாடல்களும் 1979இல் ஒரே இசைத்தட்டில் வெளிவந்தன.

பின்னர் எசெக்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த இக்குழு, அனார்க்கிசம் எனப்படும் அரசின்மைக் கோட்பாட்டை முழங்கிய ‘கிராஸ்’ குழுவுடன் பல மேடைகளைப் பகிர்ந்துகொண்டது. ஆயினும் இரண்டின் இயல்பும் வேறு. கிராஸின் இசை போர்ப்பறையின் வேகமுடையது. வையின் குரலோ கரகரப்பானது, வாழ்ந்து தேய்ந்தது. போரையும் அரசையும் பாடியவர், தாய்மையையும் பெண்ணுடலையும் காதலில் மறைந்துள்ள ஆதிக்கத்தையும் அதே மூச்சில் பாடினார். வீட்டினுள் நிகழும் அடக்குமுறையும் அரசியலே என்பது அவர்தம் நிலைப்பாடு எனலாம். 1980இல் வெளிவந்த தொகுப்பின் தலைப்பான ‘சாப்பாகுவிடிக் பிரிட்ஜ்’, 1969இல் அமெரிக்க அரசியல்வாதி எட்வர்டு கென்னடி ஓட்டிய மகிழுந்து வீழ்ந்த பாலத்தைக் குறிப்பதாகும். உடன் சென்ற மேரி ஜோ கோபெக்னி என்னும் பெண் அதில் உயிரிழந்தார். கென்னடியோ பல்லாண்டுகள் பதவியில் நீடித்தார்.

அதே ஆண்டில் கிராஸ் குழுவுடன் ஓர் இசைத்தட்டைப் பகிர்ந்து, ‘பர்சன்ஸ் அன்னோன்’ என்னும் பாடலை வெளியிட்டனர். ‘பெயர் அறியப்படாதோருடன்’ சேர்ந்து சதி செய்ததாக அனார்க்கிஸ்டுகள் சிலர்மீது தொடுக்கப்பட்ட வழக்கிலிருந்து பிறந்தது அத்தலைப்பு. குற்றத்தை மறுத்து வழக்காடியோர் 1979இல் விடுவிக்கப்பட்டனர். பாடலின் வருவாய் கிழக்கு லண்டனில் ஓர் அனார்க்கிஸ்ட் மையம் அமைக்க உதவியது. அம்மையம் நெடுநாள் நிலைக்கவில்லை, பாடல் நிலைத்தது. காவல்துறையின் சொற்றொடரை, பெயரின்றி வாழ்ந்து மறையும் எளிய மக்கள் அனைவருக்கும் உரியதாக மாற்றியதே அதன் வலிமை.

1980களின் இறுதியில் குழு கலைந்தது. 1995இல், வையின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி, லண்டனில் மீண்டும் ஒருமுறை மேடையேறியது. 2016இல், எண்பதாம் அகவையில், அவர் மறைந்தார்.

பங்க் இசையின் வரலாற்று நூல்கள் பலவற்றில் இக்குழு கிராஸுக்கு அடிக்குறிப்பாகவே நிற்கிறது. அது போதாது என்பது என் துணிபு. பெயரிடப்படாத பருவத்தில் நின்று பெயரற்றோரைப் பாடிய ஒருத்திக்கு, வரலாறு அடிக்குறிப்பினும் சற்றுக் கூடுதலான இடம் தர வேண்டும்.