கடல் கடந்த புகுமுக வகுப்பு

எமது சங்கத்தின் நூறாண்டு வரலாற்றை எழுதும்போது, கல்லூரிப் பதிவேட்டில் “விலகியோர்” என்ற நிரலோடு முடிந்துபோன ஒரு சிறு கூட்டத்தையும் நினைவுகூர வேண்டும். சாதாரண தரம் சித்தியடைந்ததும், உயர்தர வகுப்புக்கு இங்கே இராமல் சென்னைக்குப் போனவர்கள் நாங்கள்.

இந்த வழி எங்களோடு தொடங்கியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. 1914இல் இராணி மேரிக் கல்லூரியும் 1915இல் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் சென்னையில் பெண்களுக்கென ஆரம்பமாயின. இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது 1942இல்தான். ஆகவே எமக்கு மூத்த தலைமுறைக்கும் அக்கரைப் படிப்பு புதினமாக இருக்கவில்லை.

நாங்கள் போனது 1968ஆம் ஆண்டு ஆனி மாதம். மதவாச்சியில் ரயில் மாறித் தலைமன்னார் சென்று கப்பலேறினோம். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் இராமேஸ்வரத்துக்கே போயிற்று. அங்கிருந்து மீண்டும் ரயில். “பிள்ளையைத் தனியே விடுகிறியளோ?” என்று கேட்ட உறவினருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மாமார் களைத்திருந்தார்கள்.

அக்காலத்தில் சென்னையில் பட்டப்படிப்புக்கு முன்னர் ஒரு வருடப் புகுமுக வகுப்பு இருந்தது. அந்த ஒரு வருடந்தான் எங்களைக் காப்பாற்றியது. நாங்கள் விஞ்ஞானத்தைத் தமிழிற் படித்தவர்கள். அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில். கதி, வேகம் என்று படித்தவை ஸ்பீட், வெலோசிற்றி ஆயின. ஒட்சிசன் ஒக்ஸிஜன் ஆயிற்று. முதல் மாதங்களில் குறிப்பெடுக்கவே கை ஓடாது. இரவில் விடுதி விளக்கின் கீழ் அகராதியோடு இருந்து திருப்பி எழுதுவோம். நேரே பட்ட வகுப்பில் அமர்ந்திருந்தால் முதல் வருடமே தவறியிருப்போம். புகுமுக வகுப்பில் தடுமாற இடம் இருந்தது. பட்ட வகுப்புக்குள் நுழைந்தபோது மொழியும் பரீட்சை முறையும் எமக்குப் பழகிவிட்டன. பேராசிரியரிடம் எழுந்து நின்று கேள்வி கேட்கும் துணிவும் வந்திருந்தது.

பாடத்துக்கு வெளியேயும் படித்தோம். “கதைப்பம் வா” என்றால் கதை சொல்லப் போகிறோம் என்று தோழியர் காத்திருப்பார்கள். நாங்கள் பேசுவது மலையாளமா என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் தமிழே தமிழ் என்ற எண்ணம் அங்கே சற்றுத் தணிந்தது. மாதக் காசை எண்ணிச் செலவழிக்கவும், காய்ச்சலுக்குத் தானே மருந்து வாங்கவும், வீட்டு நினைவு வந்தால் மற்றவர் அறியாமல் அழுது முகம் கழுவவும் பழகினோம். பழக முடியாமல் இடையில் திரும்பியவர்களும் எம்மில் இருந்தனர்.

ஆனால் நன்மையை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. எங்களோடு ஒரே வாங்கில் இருந்து, இங்கேயே உயர்தரம் படித்த தோழியர் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தபோது, 1970/71ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் வேண்டுமென்றாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. எம்மிலும் கெட்டிக்காரிகள் வெளியே நின்றார்கள். நாங்கள் உள்ளே போனது திறமையால் மாத்திரமன்று. அடகு வைக்க அம்மாவின் காப்பு இருந்ததாலும், செலாவணி அனுமதிக்காக அலைய ஐயா இருந்ததாலுமே. விடுமுறையில் வந்து அத்தோழியரைக் கண்டபோது எம்மிடம் பதில் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ முறை வந்ததும் அந்தப் புகுமுக வகுப்பு மறைந்தது. பின்னர் கலவர காலம், கப்பலும் நின்றது. இன்று எம் தங்கைமார் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, மலேசியா என்று அதேபோன்ற ஆயத்த வருடமொன்றைப் படிக்கப் போகிறார்கள்.

உலகெங்கும் வாழும் பழைய மாணவியரே, உங்கள் ஊருக்குப் படிக்க வரும் எம் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி கேட்டால், “நேரே பட்டப்படிப்பில் ஏறாதே, அந்த ஒரு வருடத்தை வீணென்று எண்ணாதே” என்று சொல்லுங்கள். போக வசதியில்லாத இன்னொருத்தியும் அதே வகுப்பில் இருப்பாள். எமது சங்கத்தின் அடுத்த நூற்றாண்டு அவளை மறவாதிருக்கட்டும்.