மலையகத் தோட்டங்களில் உடற்பருமன் தடுப்பு ஆய்வு

மலையகத் தோட்டங்களில் உடற்பருமன் தடுப்பு ஆய்வு என்பது இலங்கையின் நுவரெலியா, அற்றன் முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் மிகை எடையின் காரணிகளையும் அதைத் தடுக்கும் வழிகளையும் ஆராயும் பொதுச் சுகாதாரத் துறை. இது சமுதாய மருத்துவம், போசாக்கியல் ஆகியவற்றின் உட்பிரிவு.

இயல்புகள்: போசாக்குக் குறைபாடும் மிகை எடையும் ஒரே சமூகத்தில் நிலவும் இரட்டைச் சுமையே இதன் மையப் பொருள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தேசிய அளவு 17 விழுக்காடு. பெண்களின் மிகை எடை நகரத்தைவிடத் தோட்டத்தில் குறைவு. எனினும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போசாக்குக் குன்றியோருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு, இதய நோய் அபாயம் மிகுதி. கோதுமை மா ரொட்டி, சீனி மிகுந்த தேநீர், காய்கறியும் புரதமும் குறைந்த உணவு, கொழுந்து பறிப்பிலிருந்து உடலுழைப்புக் குறைந்த தொழில்களுக்கு மாறுதல் ஆகியன ஆராயப்படும் காரணிகள்.

வரலாறு: திரிபோஷா சத்துணவுத் திட்டம் 1973இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு 2004இல் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23, 27.5 ஆகியவற்றைச் பொதுச் சுகாதாரச் செயற்பாட்டுக்கான எல்லைகளாகப் பரிந்துரைத்தது. இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு 2016இல் நிறக் குறியீடும் 2017இல் சீனி அளவுக்கேற்ற வரியும் அறிமுகமாயின.

முக்கியத்துவம்: எடைக் குறைப்பு அறிவுரை மட்டும் இங்குப் போதாது. கர்ப்பிணிப் போசாக்கு, பிள்ளை மடுவ (குழந்தைகள் காப்பக) உணவு, லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அருகே வீட்டுத்தோட்டம், தமிழில் சுகாதாரக் கல்வி, வேலை நேரத்திற்கு இசைந்த பரிசோதனை ஆகியன இணைந்தே தடுப்பு நிலைபெறும்.