ஐஸ் ஹவுஸில் ஒரு வித்தியாசாலை

பருவம் எய்துமுன் மணமுடித்து, மணவாழ்க்கை இன்னதென்று அறியுமுன்னே வைதவ்யத்தையும் அடைந்துவிட்ட சிறுமிக்கு, மயிலாப்பூர் அக்கிரகாரத்து ஆசாரம் வகுத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டுதான். 1886-ல் பிறந்த சுப்பலட்சுமிக்கும் அந்த இடமே காத்திருந்தது. ஆனால் தந்தையார் சுப்பிரமணிய ஐயர், பந்துக்களின் நிந்தனையைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைத்தார். தாமும் பால்ய விதவையான சித்தி வாலாம்பாள் உறுதுணையாக நின்றார். 1911-ல் ராஜதானிக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்று வெளிவந்தபோது, சென்னை மாகாணத்தில் அத்தகுதியை அடைந்த முதல் ஹிந்து விதவை அவரே.

அக்காலத்துச் சீர்திருத்தவாதிகள், வீரேசலிங்கம் பந்துலு காட்டிய வழியில், மறுமணத்தையே விதவையின் விமோசனமாகக் கருதினார்கள். சுப்பலட்சுமியோ, மறுமணம் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்களுக்குள்தான் அப்பெண்கள் அகப்பட்டிருக்கிறார்கள் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார். ஆகவே 1912-ல் எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு பெண்களுடன் ஓர் இல்லத்தைத் தொடங்கியபோது, மடியும் ஆசாரமும் வழுவாமல் பார்த்துக்கொண்டார். பெண்ணை அனுப்பும் பாட்டிமார்களுக்குக் குறை சொல்ல இடமில்லை, வந்த பெண்ணுக்கோ பாடப் புத்தகம் கிடைத்தது. பிராமணப் பெண்களுக்கு மட்டுமே அவ்வில்லத்தில் இடமிருந்தது என்ற குறை நியாயமானதே. எனினும் அவர் உடைக்க முற்பட்ட பூட்டு அந்தச் சமூகத்தின் கதவில் தொங்கியது என்பதையும் மறந்துவிடலாகாது.

இம்முயற்சிக்குப் பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் அரசாங்க ஆதரவைத் தேடித்தந்ததற்குக் காரணம் வெறும் தயை அன்று. ஆண் உபாத்தியாயரிடம் பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. பெண் உபாத்தியாயினிகளோ போதவில்லை. சமூகம் வேண்டாமென்று ஒதுக்கிய பெண்களைக் கொண்டே சமூகத்தின் தேவையைப் பூர்த்தி செய்யலாம் என்பதே சுப்பலட்சுமி கண்ட உபாயம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸை அரசாங்கம் 1917-ல் விலைக்கு வாங்கிய பின், இல்லம் அங்கே குடியேறிற்று. 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தோன்ற, அதன் முதல்வரும் அவரே ஆனார். வயது வந்த விதவைகளுக்காக 1927-ல் சாரதா வித்தியாலயம் ஏற்பட்டது.

நோய்க்கு மருந்திடுவதோடு அவர் நிற்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தின் கட்டுப்பாடுகள் இருந்தும், பால்ய விவாகத்தை எதிர்த்துப் பேசினார். அதுபற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியமும் அளித்தார். பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக நிர்ணயித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியது.

விதவையின் முகத்தில் விழித்தால் காரியம் கெடும் என்று நம்பிய அதே ஊர், தன் குழந்தைகளின் அட்சராப்பியாசத்தை அவ்விதவைகளிடமே ஒப்படைக்கத் தொடங்கிற்று. வாதத்தால் வெல்ல முடியாத ஒரு மூடநம்பிக்கையைத் தினந்தோறும் நடக்கும் வகுப்பால் வென்றதே சகோதரி சுப்பலட்சுமியின் சாதனை.