ஆறேகால் செண்டு நிலம்: சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டப்புறத் தமிழரின் காய்கறிக் கொல்லைகள்

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்னும் சொல் பொருள் விரிந்து நிற்கிறது. தமிழகத்தில் வீட்டைச் சார்ந்த சிறு நிலத்தையும் கிணற்றுப் பாசன நிலத்தையும் குறிக்கும் அச்சொல், இங்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள இரப்பர்ப் பெருநிலத்தைக் குறிக்கலாயிற்று. அப்பெருநிலத்தினுள் தொழிலாளர் தம் கையால் கொத்திப் பயிரிட்ட சிறு நிலத்திற்குக் ‘கொல்லை’ என்றும் ‘காய்கறிக் கொல்லை’ என்றும் பெயர் வழங்கிற்று. முன்னது முதலாளியுடையது, பின்னதும் சட்டப்படி முதலாளியுடையதே. ஆயினும் கொல்லையில் எதை விதைப்பது, எப்பொழுது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பனவற்றை முடிவு செய்தவர் தொழிலாளரே. தோட்டத் துரையோ கிராணியோ கங்காணியோ கட்டளையிடாத உழைப்பு அங்கு மட்டுமே நடந்தது எனலாம்.

தோட்டப்புற வரலாறு எழுதியோர் ஆள்சேர்ப்பு, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்குத் தந்த இடத்தைக் கொல்லைக்குத் தரவில்லை. ஆனால், பள்ளிக்கும் கொல்லைக்கும் மூலம் ஒரே சட்டமாகும். மலாய்க் கூட்டரசு நாடுகளில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்ததை நாம் அனைவரும் அறிவோம். குடும்பத்தோடு வாழும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. அஃதாவது ஆறேகால் செண்டு. ஏறத்தாழ 2,720 சதுர அடி. பள்ளி பற்றிய விதி, சமூகத்தின் நெடும் போராட்டத்தால் இன்றும் பள்ளிகளாக நிலைத்திருக்கிறது. கொல்லை பற்றிய விதியோ அத்தகைய தடமெதனையும் விட்டுச்செல்லவில்லை. இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

பேராக்கின் தென்கோடியில், தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே இரயில் பாதையிலும் பழைய நெடுஞ்சாலையிலும் அமைந்த ஊர் சிலிம் ரிவர். முன்னர்ப் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருந்தது. 2016 முதல் முவாலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம்; சுற்றிலும் குளுனி, திரோலாக், பேராங் எனத் தோட்டப்பகுதிகள். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவருக்கு இப்பகுதியின் மழை முற்றிலும் புதிது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் முதுமொழி இங்குப் பொருந்தவில்லை. மேற்குக் கரையின் உட்பகுதிகளில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என மழை இருமுறை உச்சம் பெறும். ஆடியோடு ஒட்டிய சூன், சூலைத் திங்கள்களோ ஒப்பளவில் மழை குறைந்தவை. ஆகவே பட்டம் பற்றிய ஊரறிவை அவர்கள் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

கொல்லையின் ஆண்டினை வகுத்தது மழை மட்டுமன்று. பால் மரமும் கோயிலும் அதனோடு சேர்ந்து வகுத்தன. தைத்திங்களை அடுத்து இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும்; அதனோடு வருவாயும் குறையும். பொங்கலும் தைப்பூசமும் செலவு வைத்துச் செல்லும் காலமும் அதுவே. அந்நாள்களில் குடும்பத்தைத் தாங்கியவை சென்ற ஆண்டு ஊன்றிய மரவள்ளியும், பரணில் அடுக்கிய பூசணியும், லயத்து முன்றில் முருங்கையும் ஆகும். உதிர்ந்த சருகு எருவாயிற்று. எரித்த சாம்பல் செடிக்கு உரமாகவும் விதையைப் பூச்சியினின்று காக்கும் பொருளாகவும் பயன்பட்டது. மாட்டுச் சாணத்திற்குக் குறைவில்லை. மேய்ச்சல் நிலத்தையும் அச்சட்டமே குறிப்பிட்டதன்றோ?

சித்திரை மழையோடு விதைப்புத் தொடங்கும். கீரை ஒரு திங்களுக்குள் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரைத் திங்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரியும் பாகலும் புடலும் அவற்றைத் தொடரும். ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் பெண்கள், விதையின் முளைப்புத் திறனையும் அதனூடே கண்டறிந்தனர் என்று கருத இடமுண்டு. புரட்டாசியில் ஊன் தவிர்க்கும் வழக்கத்தால் காய்கறிக்குத் தேவை மிகும். எனவே அதனைக் கணக்கிட்டு ஆடியிலேயே, நீர் சுமந்து ஊற்றியேனும், விதைப்பது அறிவுடைமையாயிற்று. மழையை நோக்க அது ஏற்ற பருவமன்று. கோயிலை நோக்க அதுவே ஏற்ற பருவம். முதுமொழி மழையால் பொய்த்துப் பண்பாட்டால் மெய்யாயிற்று என்பது சுவையான முரண். ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை மழை பெய்தால் மரம் சீவ இயலாது. சீவாத நாளுக்குக் கூலி குறைந்தது அல்லது இல்லாது போயிற்று. தீபாவளியும் அப்பருவத்திலேயே வரும்.

இவ்வுழைப்புக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பதை ஆய்வாளர் கவனித்தல் வேண்டும். பால் மரம் விடியலில் சீவப்படுவது. வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறையும். விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்புவர். எஞ்சிய அப்பிற்பகலே கொல்லைக்குரியது. ஆண்களைவிடப் பெண்களும் முதியோரும் பள்ளி முடிந்த பிள்ளைகளுமே அதில் மிகுதியாக உழைத்தனர். பதிவேடும் தலைவரும் செயலாளரும் உடைய சங்கமாக அது இருந்திலது. ஆயினும் விதை பரிமாறுதல், பந்தல் போடக் கைகொடுத்தல், காட்டுப்பன்றிக்குக் காவலிருத்தல், முதற் காயைக் கோயிலுக்குப் படைத்தல் என ஒரு சங்கம் செய்யும் பணிகள் அனைத்தும் நடந்தன. 1922ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்பின் தோட்டங்களில் தோன்றிய சிக்கனச் சங்கங்கள் பணத்தைச் சேர்த்தன. கொல்லையோ விதையையும் நம்பிக்கையையும் சேர்த்தது.

இதனை அழகிய சித்திரமாக மட்டும் காண்பது பிழையாகும். முதலாளியர் நிலம் ஒதுக்கியமைக்கு அருளுள்ளம் மட்டும் காரணமன்று. தொழிலாளி தன் உணவில் ஒரு பகுதியைத் தானே விளைவித்தால் கூலியை உயர்த்தும் நெருக்கடி குறையும். கொல்லையும் பசுவும் உள்ள குடும்பம் வேறு தோட்டத்திற்கு எளிதில் பெயராது. 1930–32 உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஆடவருக்கு 50 காசும் பெண்டிருக்கு 40 காசுமாக இருந்த அன்றாடக் கூலி வெகுவாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியோர்க்குக் கொல்லை கூலிக் குறைவை ஈடுகட்டிற்று. அதனாலேயே கூலிக் குறைப்பைத் தாங்கக்கூடியதாகவும் ஆக்கிற்று.

1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், திரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர்ப் பாலம் வரை நெடுஞ்சாலை வழியே சப்பானியத் தகரிகள் பாய்ந்து பதினொன்றாம் இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. குளுனித் தோட்டமும் அப்போர்க்களத்தில் அடங்கும். போர் நூல்கள் அந்த ஒரு நாளோடு இவ்வூரை மறந்துவிடுகின்றன. தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இறக்குமதி செய்த நாடு, அதன்பின் மூன்றரை ஆண்டுகள் மரவள்ளியையும் வள்ளிக்கிழங்கையும் உண்டு உயிர் வாழ்ந்தது. ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நிலையில் கிழங்கு ஊன்றியவரும் அகழ்ந்தவரும் பெரும்பாலும் பெண்களே.

அவசரகாலத்தில் (1948–60) நிலைமை மாறியது. தோட்ட லயங்கள் பல முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. வேலிக்கு வெளியே உணவு கொண்டு செல்வது குற்றமாயிற்று. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் கொல்லப்பட்டதன் பின்னர், அவ்வூருக்கு நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்து அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார் ஆணையர் டெம்ப்ளர். உணவே படைக்கலமாகக் கருதப்பட்ட காலத்தில் காட்டோரக் கொல்லை ஐயத்திற்குரியதாவது இயல்பு.

விடுதலையையொட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதுதான் கொல்லையின் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. அது வேலையோடு கிடைத்தது, வேலையோடு போயிற்று. இருபது ஆண்டுகள் எருவிட்டுப் பண்படுத்திய மண்ணுக்கும் காய்த்துக் குலுங்கும் முருங்கைக்கும் உரிமை கோர எந்த ஏடும் இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகத் திரட்டிக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது, இக்குறைக்குத் தமிழ்ச் சமூகம் அளித்த மிகத் தெளிவான விடையாகும். எனினும் அது பெருநிலத்தை மீட்க எழுந்த திட்டம். குடும்பத்திற்கொரு கொல்லையை மீட்பது அதன் நோக்கமன்று. 1974இல் துன் அப்துல் ரசாக் அரசு அறிமுகப்படுத்திய பச்சைப் புத்தகத் திட்டம் வீடுதோறும் காய்கறி பயிரிடுமாறு ஊக்கியபோது, தோட்டப்புறத் தமிழர் அரை நூற்றாண்டாக அதனைச் செய்துவந்தனர் என்பதையும் நினைவுகூரலாம்.

நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதனுள் உள்ளது. பள்ளிக்கு ஆசிரியர் இருந்தனர், பதிவேடு இருந்தது, இடம்பெயர்த்து வேறோரிடத்தில் நிறுவவும் இயன்றது. கொல்லையை இடம்பெயர்க்க இயலாது. பதிவேட்டிலும் அது இல்லை. இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தபின் பிற்பகல் ஓய்வும் சுருங்கியது. ஒப்பந்த முறையும் வெளிநாட்டுத் தொழிலாளரும் வர, லயங்களே வெறுமையாயின. நகர்ப்புறத் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் கறிவேப்பிலையையும் முருங்கையையும் வடிகாலோரம் நட்டு வளர்ப்பதை இன்றும் காண்கிறோம். அங்கும் அந்நிலம் அவர்களுடையதன்று.

இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எளிதாகச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. மாணவரின் பாட்டியரிடம் எந்தத் திங்களில் எதை விதைத்தனர், விதையை யாரிடமிருந்து பெற்றனர், அவரைக்கும் கத்தரிக்கும் வகைதோறும் என்ன பெயர் வழங்கினர் என்று கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். பால் வெட்டிய தலைமுறையின் கடைசி மூதாட்டியர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர்.