காலடித் தரை யாருக்குச் சொந்தம்?

குளிரைத் தாங்க, கொரிய மக்கள் அடுப்பின் சூட்டையும் புகையையும் தரைக்கற்களுக்கு அடியில் ஓடவிட்டார்கள். அதன் பெயர் 'ஒண்டோல்'. பழைய வீட்டில் அதை அமைக்க, தரையைப் பெயர்க்க வேண்டும். சொந்த வீடென்றால் பெயர்க்கலாம்.

நம் தோட்டத்து லயத்தில்? பால்மரம் வெட்டும் வேலை போனால், வீடும் போய்விடும். 1950-களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, பலர் வேலையோடு கூரையையும் இழந்தார்கள். அதைத் தடுக்கவே, நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேமிப்பிலேயே தோட்டங்கள் வாங்கப்பட்டன.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்தது, சொந்தமாக்கித் தரவில்லை.

உங்கள் பாட்டி வீட்டுத் தரை மண்ணா, பலகையா, சிமெண்டா? கேளுங்கள். அது யார் பேரில் இருந்தது என்பதையும் கேட்டு, எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.