முன் சக்கரத்தைக் கழற்றிவிட்ட கதை

போடியில் ஜீப் என்றால் ஏலக்காய் என்று அர்த்தம். விடியுமுன்னே தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு மெட்டு ஏறும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956-இல் மாநிலம் பிரித்தபோது அந்தத் தோட்டங்கள் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. வேலைக்குப் போகும் ஆள் மட்டும் இங்கிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. தார் ரோடு முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் டிரைவரின் கை சின்ன கியர் ராடைத் தேடும். அது விழவில்லை என்றால் மறுநாள் வண்டி ஷெட்டில் நிற்கும். "அண்ணே, ஃபோர் வீல் விழமாட்டேங்குது."

இந்த ஒரு பேச்சைக் கேட்டே என் தொழில்காலம் போயிற்று. நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்பது எப்போதோ தீர்ந்துபோன சங்கதி. அதற்கப்புறம் நடந்ததெல்லாம், வேண்டாத நேரத்தில் முன் சக்கரத்தை எப்படிக் கழற்றிவிடுவது என்கிற யோசனைதான். பழுது வருவதும் அந்த யோசனைகளில்தான்.

முதலில் அது தீர்ந்த கதை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து கிளிண்டன்வில் என்ற சிற்றூரில் ஓட்டோ ஸாக்கோ, வில்லியம் பெசர்டிச் என்று மைத்துனர்கள் இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். பின் சக்கரத்தைச் சுழற்றுவது எளிது, அது நேராகவே நிற்கும். முன் சக்கரம் திரும்ப வேண்டும், திரும்பிக்கொண்டே இழுக்கவும் வேண்டும். அதற்கான மூட்டை ஓர் உருண்டைக் கூட்டுக்குள் அடக்கி 1908-இல் காப்புரிமை வாங்கினார்கள். முதல் உலகப்போரில் சேற்றில் போன லாரிகளில் பல அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனியுடையவை. இந்தப் பகுதியை இத்தோடு விடுகிறேன், அந்த லாரி எதையும் நான் தொட்டதில்லை.

நான் தொட்டது ஜீப். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பென்சில்வேனியாவில் பட்லர் ஊரில் இருந்த பாண்டம் என்ற நொடித்த கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து, செப்டம்பர் 23 அன்று வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். செய்து காட்டியவனுக்கு டிரெய்லர் வேலை மிஞ்சியது. தொழிலில் இது புதிதல்ல.

அந்தப் போர் எங்கள் பக்கத்தில் வேறொன்றும் செய்தது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் போட்ட ரயில் பாதையைப் போர்க்காலத்தில் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். தண்டவாளம் போன அதே போரின் மிச்சமாக டிஸ்போசல் ஜீப் வந்தது. ராணுவம் கழித்துக் கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. கழித்த ஜீப்பின் லட்சணத்தை 1948 ஜீப் ஊழலே சொல்லும்: காஷ்மீர் போருக்கென்று லண்டனில் வாங்கிய பழைய ஜீப்புகளில் வந்து இறங்கியவை 155, அவையும் உருப்படியாக இல்லை என்று பாராளுமன்றத்தில் ரகளை.

என் மேஸ்திரி தொழில் கற்றது டிஸ்போசல் ஜீப்பில். அந்த வண்டியில் தரையில் மூன்று ராடு இருக்கும். ஒன்று வழக்கமான கியர். அடுத்தது முன் ஆக்சிலைச் சேர்க்க, விடுவிக்க. மூன்றாவது ஹை, லோ மாற்ற. மூன்றும் இரும்பு, நடுவில் வயரும் இல்லை, குழாயும் இல்லை. ராடின் கீழ்முனை, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் ஃபோர்க்கை நேரே தள்ளும். அதில் "ஃபோர் வீல் விழல" என்று வந்தால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: ராடு கோணியிருக்கிறதா, முட்டுப்பின் தேய்ந்திருக்கிறதா, ஃபோர்க் உடைந்ததா.

அந்தப் பெட்டிக்குள் எனக்குப் பிடித்த சாமான் ஒன்று உண்டு. ஃபோர்க்கைத் தாங்கும் இரண்டு தண்டுகளுக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஓர் இரும்புத் துண்டு. முன் ஆக்சில் சேராமல் லோ கியர் போடப் பார்த்தால் அது குறுக்கே நிற்கும். லோவில் வரும் இழுவை முழுவதும் பின் ஆக்சிலிலேயே இறங்கினால் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் என்று யோசித்து வைத்தது. லோ விழவில்லை என்று யாராவது வந்தால், முதலில் ஃபோர் வீல் விழுந்ததா என்று பார்ப்போம். பெட்டியைப் பிரித்த அரைகுறை ஆட்கள் அந்தத் துண்டைத் தவறவிட்டு மூடிவிடுவதும் உண்டு. அப்புறம் லோ சுகமாக விழும், சீக்கிரமே ஆக்சில் போகும்.

அந்த ஜீப்பில் ஒரு குறை. ராடை இழுத்து முன் ஆக்சிலை விடுவித்தாலும், ரோட்டில் உருளும் முன் சக்கரம் தன்னோடு சேர்த்து ஆக்சில், அதன் நடுவில் உள்ள கிரவுன், பெட்டியிலிருந்து அதற்கு வரும் முன் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம், தேய்மானம், எண்ணெய்ச் செலவு. போர் முடிந்து ஜீப் சம்சாரிகள் கைக்கு வந்ததும் இது உறுத்தியது. 1948-இல் ஆர்தர் வார்ன் என்பவர் சியாட்டிலில் இதற்கென்றே ஒரு ஹப் செய்யத் தொடங்கினார். சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருகினால் சக்கரமும் ஆக்சிலும் ஒன்று, மறுபக்கம் திருகினால் வேறு வேறு. நல்ல யோசனைதான். பழுது ஒளிந்துகொள்ள முதல் புதிய இடமும் அதுதான்.

ஏனென்றால், முன் கிரவுனுக்கு ஒரு குணம் உண்டு: லேசாகச் சுற்றும் பக்கத்துக்கே சுழற்சி முழுவதையும் தள்ளிவிடும். இரண்டு ஹப்பில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பக்க ஆக்சில் சும்மா சுழலும், நன்றாக இருக்கும் மற்றப் பக்கமும் இழுக்காது. ஒரு ஹப் போனால் இரண்டு சக்கரம் போச்சு. கண்டுபிடிக்க எளிய வழி: ராடு டூ வீலில் இருக்கட்டும், இரண்டு ஹப்பையும் லாக் செய்துவிட்டு ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். முன் ஷாஃப்ட் கூடவே சுற்றினால் அந்த ஹப் நல்லது. சுற்றவில்லை என்றால் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே உடைசலைவிட, யாரோ அள்ளி அடைத்த கெட்டிக் கிரீஸைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்லது செய்வதாக நினைத்து அடைத்திருப்பார்கள். பற்கள் அதில் நகர முடியாமல் கிடக்கும்.

இந்தியாவில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் கோத்து விற்கத் தொடங்கியது 1940களின் கடைசியில். 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட உயர்ந்த பானட் வைத்த சிஜே-3பி-யை அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதன் வாரிசுகள் பல பத்தாண்டு ஓடின. பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினோம். அப்போதுதான் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது: மைலேஜுக்காக முன் ஷாஃப்டையே கழற்றிப் போடுவது. கழற்றியவர் வண்டியை விற்பார், வாங்கியவருக்குத் தெரியாது, ராடு மட்டும் இதமாக விழும். ஆகவே ஃபோர் வீல் கேஸ் எது வந்தாலும் முதலில் குனிந்து, ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஷெட்டில் சட்டம். சிரிக்க வேண்டாம்.

அதற்கடுத்த காலம் சொகுசு. ரோட்டில் இறங்கி ஹப்பைத் திருக யாருக்கும் மனமில்லை. சில வண்டிகளில் வாக்குவம் வந்தது: இன்ஜினிலிருந்து ரப்பர் குழாய் வழியே உறிஞ்சல் போய் முன் ஆக்சிலைச் சேர்க்கும். டீசல் இன்ஜினில் உறிஞ்சல் தானாக வராது, அதற்குத் தனி பம்ப். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். ஆகவே இந்த வண்டிக்காரரிடம் நான் முதலில் கேட்பது பிரேக்கைப் பற்றி. பெடல் கல் மாதிரி இருந்தால் பம்பைப் பார்க்க வேண்டும். பிரேக் நன்றாக இருந்து ஃபோர் வீல் மட்டும் விழவில்லை என்றால் குழாயைப் பார்க்க வேண்டும். வெயிலில் வெடித்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும்.

பிறகு அதுவும் போய் டாஷ்போர்டில் திருகு வந்தது. திருகினால் ஒரு சின்ன மோட்டார் பெட்டிக்குள் ஃபோர்க்கைத் தள்ளும். மேஸ்திரியின் இரும்பு ராடு செய்த அதே வேலை, இப்போது பேட்டரி, ஃப்யூஸ், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் ஒத்துக்கொண்டால் நடக்கும். லோவுக்கு வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் விளக்கு மினுக்கும். அதைப் பழுது என்று எண்ணி ஷெட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம்.

ஷாஃப்ட் இருக்கிறது என்று பார்த்தபின், எந்தக் காலத்து வண்டியானாலும் நான் தேடும் வழி ஒன்றுதான். கடைசியாகச் சேர்ந்த சாமானிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவேன்: திருகு, மோட்டார், குழாய், ஹப், எல்லாம் சரியென்றால் கடைசியில் பெட்டி. பெட்டியைப் பிரிக்கும்வரை போகிற கேஸ் மிகக் குறைவு. புது ஷெட்டுகளில் சிலர் முதலிலேயே பெட்டியை இறக்கிவிடுகிறார்கள், கூலி அதில்தானே.

விழாத கேஸில் பாதி, உண்மையில் விழுந்த கேஸ். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும், வண்டி நகராது. ஃபோர் வீல் சரியாகத்தான் இருக்கிறது, கிரவுன் இழுவையைக் காற்றுக்குத் தானம் செய்கிறது. கல்லை முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைத் தரையில் ஊன்றவைத்தால் ஏறிவிடும். இன்னொரு வகை, போட்டது எடுக்க வராதது. காய்ந்த தாரில், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஃபோர் வீலிலேயே இறங்கினால், முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் உருண்டு உள்ளுக்குள் முறுக்கேறி ராடு இறுகிவிடும். சுத்தியலை எடுக்காதீர்கள். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து ராடு தானாக வரும்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் ஃபோர் வீலைப் போட்டு, லோவையும் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த ஃபோர்க் துருவேறி இறுகும். ஓட்டிய வண்டியில் அந்தத் தொல்லை வராது. பழைய ஜீப் வாங்குகிறவர்கள், பேரம் பேசுமுன் தரையில் படுத்து முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.