இரண்டு மூளைக்கட்டிகள்: மையமும் விளிம்பும்

பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பெரும்பாலும் குழந்தைகளின் சிறுமூளையில் வரும் கட்டி. அறுவை மருத்துவர் முழுமையாக எடுத்துவிட்டால், அநேகமாகச் சிகிச்சை அத்தோடு முடிந்துவிடும். பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் நலமாக உயிர் வாழ்கிறார்கள். கிளியோபிளாஸ்டோமா வயதானவர்களின் பெருமூளையில் வருவது. அதையும் அறுத்து எடுக்கிறார்கள். பிறகு கதிர்வீச்சும் டெமோசோலோமைட் மாத்திரையும் தருகிறார்கள். இந்தக் கூட்டுச் சிகிச்சையை நிலைநாட்டிய 2005ஆம் ஆண்டு ஆய்விலேயே, அதைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.6 மாதங்களைத் தாண்டவில்லை. 1928இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, இத்தகைய ஊடுருவும் கட்டிகளுக்காக மூளையின் வலது பாதியையே அகற்றிப் பார்த்தார். அப்போதும் கட்டி திரும்பி வந்தது.

இரண்டும் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஒன்று இருந்த இடத்திலேயே வளர்வதும் மற்றது மூளை முழுக்க ஊர்வதும் எதனால்?

மரபணுக்களில் ஒரு தடயம் கிடைக்கிறது. குழந்தைகளின் கட்டியில் பெரும்பாலும் ஏழாம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டித்து, பிராஃப் மரபணு பக்கத்து மரபணு ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறது. இதை 2008இல் கண்டார்கள். ‘பெருகு’ என்ற கட்டளை அங்கே ஓயாமல் பிறக்கிறது. ஆனால் அந்த ஓயாத கட்டளையே பி16 என்ற தடைப்புரதத்தையும் எழுப்பிவிடுகிறது. பல செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைகின்றன. கிளியோபிளாஸ்டோமாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பி16ஐ உருவாக்கும் மரபணுவே இல்லாமல் போயிருக்கிறது. ஒரே தடுப்பு ஒரு கட்டியில் வேலை செய்கிறது, மற்றதில் காணாமல் போகிறது.

இது பெருக்கத்துக்கான விளக்கம். ஊடுருவலுக்கு வேறு மரபணுக்களைப் பார்க்க வேண்டும். செல்களுக்கு இடையிலுள்ள பசைப்பொருளைக் கரைக்கும் எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகள், அப்பொருளைப் பற்றிக்கொள்ள உதவும் சிடி44 ஆகியவை கிளியோபிளாஸ்டோமாவில் மிகுதியாக வெளிப்படுகின்றன. பட்டியல் தெளிவாக இருந்ததால் மருந்தும் வந்தது: எம்எம்பி நொதிகளைத் தடுக்கும் மாரிமாஸ்டாட். ஆனால் அது கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை.

இத்தகைய பழைய மரபணு ஒப்பீடுகளின் பெருங்குறை மாதிரி எடுத்த இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகத்துக்கு வருவது பெரும்பாலும் கட்டியின் மையம். நோயாளியின் தலையெழுத்தை முடிவு செய்வதோ, மருத்துவர் எடுக்காமல் விட்ட விளிம்பு. வெளியே எறிந்த திசுவின் மரபணுக்களைப் படித்துவிட்டு, உள்ளே தங்கிவிட்ட செல்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

2018இல் வெளிவந்த ஐவி கிளியோபிளாஸ்டோமா வரைபடம் இந்தக் குறையை நேராக எதிர்கொண்டது. கட்டியின் விளிம்பு, ஊடுருவும் பகுதி, செல்கள் அடர்ந்த மையம், திசு மடிந்த இடத்தைச் சுற்றிய பகுதி என லேசரால் தனித்தனியே வெட்டி, எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏவை அளந்தார்கள். ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் மரபணு வெளிப்பாடு மாறியது. ஆனாலும் விளிம்பில் புற்றுச்செல்கள் மிகக் குறைவு. மொத்தமாக அரைத்து அளந்தால் நலமான நரம்புத் திசுவின் குரலே மேலோங்கும். ஆகவே ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மையத்துச் செல்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருக்க, ஊடுருவிய செல்களிடம் நோயாளிகளைக் கடந்த பொதுச் சாயல் தெரிந்தது. ஐந்தாண்டு கழித்து வந்த ஆய்வு இன்னும் வியப்பானது: முன்னே செல்லும் செல்கள், கருவில் வளரும் மூளையில் இடம்பெயரும் இளம் நரம்புச் செல்களைப் போலவே மரபணுக்களை இயக்குகின்றன, அவற்றைப் போலவே நகர்கின்றன.

பைலோசைட்டிக் கட்டியின் ஓரத்திலும் நுண்ணோக்கி வழியே பார்த்தால் சில செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் சிறிது தூரம் நுழைந்திருக்கும். அவை அங்கேயே நின்றுவிடுகின்றன. உண்மையில் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டியவை இந்த இரண்டு விளிம்புகளும்தான். பாதுகாப்பான இடத்தில் கட்டியின் எல்லைக்கு அப்பாலும் திசுவை எடுக்கும் அறுவைகள் இப்போது நடக்கின்றன. நோயாளியின் சம்மதத்தோடு அந்தத் திசுவையும், எடுத்த இடத்தைக் குறித்த ஸ்கேனோடு சேர்த்து, செல் செல்லாகப் படிக்க அனுப்பலாம்.